வேலப்பன்சாவடிக்கு வந்த நீலத்தொண்டை

வேலப்பன்சாவடியில் கல்லூரி பஸ்கள் திரும்புகிற முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செங்கல்வராயனுக்குப் பறவை பார்க்கிற பழக்கம் வந்தது ஒரு மாணவனின் அலட்சியத்தால். கூவம் கரைப் பறவைகளைப் பற்றி ப்ராஜெக்ட் எழுதிய அந்தப் பிள்ளை, நாலு காப்பி போடச் சொல்லிவிட்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாலாவது காப்பி மேசையிலேயே கிடந்தது. எத்தனையோ ப்ராஜெக்ட்டுகளுக்கு ஸ்பைரல் போட்ட மனிதர், அதுவரை ஒன்றைக்கூடப் படித்ததில்லை. எழுதினவனே படித்திருக்க மாட்டான் என்பது அவர் அனுபவம். ஆனால் ஒரு நாள் மதியம் கரண்ட் போய்விட்டது. வேறு வேலையில்லாமல் இதைப் படித்தார். படித்து முடித்ததும் கடைக்குப் பின்னால் போய், இத்தனை வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய ஆற்றை நின்று பார்த்தார்.

ஒரே ஒரு சிக்கல். அவர் படித்தது கறுப்பு வெள்ளைக் காப்பி. அதில் இருந்த எல்லாப் பறவையும் சாம்பல் நிறம்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்த புதிதில், தமிழ்நாட்டில் இதுவரை யாரும் கண்டிராத ஒரு நீலப் பறவை வேலப்பன்சாவடியில் உட்கார்ந்திருக்கிறது என்று அறிவித்துவிட்டார். அது மீன்கொத்தி. கரண்ட் கம்பி இருக்கிற ஊரிலெல்லாம் உட்கார்ந்திருக்கும் சாதாரண மீன்கொத்தி. அதற்கு முன்னால் அவர் மீன்கொத்தியையே பார்த்ததில்லையா என்றால், பார்த்திருப்பார். கவனித்ததில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் காலம் தள்ளுகிறோம், அவரை மட்டும் சொல்லி என்ன?

குழு வாரக்கணக்கில் சிரித்தது. குழுவை நடத்துகிற மணவாளன் மட்டும் சிரிக்கவில்லை. திருமுல்லைவாயிலில் இருக்கும் அவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சிரிப்பதற்குப் பதிலாக விதி போடுகிற ரகம். போட்டோ இல்லாமல் செங்கல்வராயன் சொல்லும் எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று குழுவிலேயே எழுதிவிட்டார். அன்று ராத்திரி செங்கல்வராயனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவமானமாக இருந்தது. மனைவி ராணி என்னவென்று கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அவர் குழுவில் வாய் திறக்கவில்லை. கலர் படம் போட்ட புத்தகம் ஒன்று வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். விடிந்ததும் ஆற்றங்கரை, அப்புறம்தான் கடை. "காலங்காத்தால கூவத்தப் பாத்துகினு நிக்கிற ஆளு இந்த ஊர்லயே நீதான்யா" என்றாள் ராணி. அவளுக்கு அதில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான்.

மார்கழி முடியும் சமயத்தில் அது வந்தது. பாலத்தைத் தாண்டி, தண்ணீர் ஓரமாகச் சம்புப் புல் மண்டிக் கிடக்கிற இடத்தில், சிட்டுக்குருவி அளவில் பழுப்பாக ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடியது. பின்னாலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. திரும்பியபோதுதான் தொண்டை தெரிந்தது. பளிச்சென்று நீலம், கீழே காவிப் பட்டை. செங்கல்வராயன் ஒரு வாரம் போய்ப் போய்ப் பார்த்து, புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, தனக்குத் தானே சந்தேகப்பட்டு, கடைசியில் ஒப்புக்கொண்டார். நீலத்தொண்டைக் குருவிதான். ரஷ்யாப் பக்கமிருந்து குளிருக்கு வருவது. சென்னைப் பக்கம் அபூர்வம், கூவத்தில் கேட்கவே வேண்டாம்.

போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டார். படத்தில் சம்பு மட்டும்தான் வந்திருந்தது. குருவி எங்கே என்று ஒருவர் கேட்டார். சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினார். அது மண்ணாங்கட்டியா என்று இன்னொருவர் கேட்டார்.

மணவாளன் தனியாக போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேரோடு நேரில் வருவதாகவும், அதைப் பார்த்துவிட்டால் நல்லது என்றும், இல்லையென்றால் இனிமேல் குழுவில் வருவதைப் படிப்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் மரியாதையாகத்தான் சொன்னார். செங்கல்வராயன் சரி சார், சரி சார் என்றார். தான் கண்ணால் கண்டதைச் சொன்னால் நாலு பேர் நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. ஐம்பது வயசுக்கு மேல் ஒரு மனிதன் கேட்கக்கூடாததா அது?

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். சம்புக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பசங்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்த ஒரு காலை மட்டும் சத்தமில்லாமல் இருந்தால் தேவலை என்று பக்கத்து மொபைல் கடை தினேஷிடம் சொல்லி வைத்தார். தினேஷ் இளைஞர் நற்பணி மன்றச் செயலாளர். நல்ல பையன், உதவி என்றால் அளவு தெரியாது. விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டு, கவலையை விடச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து செங்கல்வராயன் பாலத்துக்குப் போனால், பிளெக்ஸ் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகை தரும் நீலத்தொண்டையாரை வருக வருக என வரவேற்றிருந்தார்கள். நடுவில் மன்றத் தலைவர் ஆனந்தன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தேர்தலில் வார்டுக்கு நிற்கப் போகிறவர். ஓரத்தில் செங்கல்வராயன், ரேஷன் கார்டு போட்டோவில் இருந்த முகத்தோடு. நீலத் தொண்டை என்றதும் டிசைனர் மயில் படத்தைப் போட்டிருந்தார். பிளெக்ஸிலிருந்து சாலை ஓரமாக, சிவப்பாக நீளமாக, பத்தாயிரம் வாலா சரவெடி விரித்திருந்தது.

செங்கல்வராயன் தினேஷை ஓரமாக அழைத்துப்போய்க் கெஞ்சினார். ஒரு வெடி வெடித்தால் போதும், குருவி செங்குன்றம் தாண்டிவிடும் என்றார். தினேஷுக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, ரஷ்யாலேர்ந்து வந்துகீது, வெடி இல்லாம எப்டி? அண்ணன் வந்து எறங்கும்போது சத்தம் இல்லன்னா மன்றத்துக்கு மரியாதை கீதா?"

பேசிப் பேசி, ஆனந்தன் வரும்வரை கொளுத்துவதில்லை என்பது வரைக்கும் வந்தார்கள். ஆனந்தன் எங்கேயும் நேரத்துக்கு வந்ததில்லை, அது ஒரு ஆறுதல். ஆனால் தினேஷின் கூட்டாளி ஒருவன் ஊதுபத்தியைப் பற்ற வைத்துக்கொண்டு ஆசையோடு சுற்றிக்கொண்டிருந்தான். செங்கல்வராயன் யோசித்தார். யோசித்துவிட்டுத் திரி இருந்த முனையில் செருப்புக் காலை வைத்து அழுத்தி நின்றுகொண்டார்.

மணவாளன் ஆட்களோடு வந்தார். பிளெக்ஸை முழுக்கப் படித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. செங்கல்வராயன் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, அந்த உடைந்த சிமெண்ட் குழாய்க்கு இடது பக்கம், தண்ணீர் ஓரமாகப் பாருங்கள் சார் என்றார். வழிகாட்ட வருவார் என்று நின்றவர்கள், அவர் வராததைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

மேலிருந்து அவருக்குத் தெரிந்தது முதுகுகள்தான். முதுகுகள் குனிந்தன, நிமிர்ந்தன, பைனாகுலரைத் தூக்கின. பிறகு அசையவே இல்லை. அந்த அசையாமை நல்லதா கெட்டதா என்று அவருக்குப் புரியவில்லை. இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. காலை எடுக்கவில்லை.

கடைசியில் மணவாளன் மட்டும் மேலே ஏறி வந்தார், பேன்ட்டெல்லாம் சேறு.

"சார், நீலம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ரொம்ப நேரம் காட்டிக்கிட்டு நின்னுச்சு. இத்தனை வருஷத்துல நம்ம பக்கம் நான் பாக்கறது இதான் முதல் தடவை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு உங்களப் பத்தி குரூப்புல எழுதினேனே, அது தப்பு செங்கல்வராயன். எழுதியிருக்கக் கூடாது."

செங்கல்வராயனுக்குச் சந்தோஷத்தில் கண் கரித்தது. ஊதுபத்திப் புகை என்று சொல்லிக்கொண்டார். நீங்கள் ஏன் கீழே வரவில்லை என்று மணவாளன் கேட்க, அவர் தன் காலைக் காட்டினார். மணவாளன் காலைப் பார்த்தார், திரியைப் பார்த்தார், அதன் வழியே சரவெடியின் மறுகோடி வரைக்கும் பார்த்தார்.

"அப்ப நீங்க இன்னிக்குப் பாக்கவே இல்லையா?"

"நான் தினம் பாக்கறதுதானே சார்."

மணவாளன் தன் ஷூவை அவர் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து திரியின்மேல் வைத்தார். "காலை எடுங்க. போய்ப் பாருங்க" என்றார். விதி போடுகிற அதே குரல்தான்.

செங்கல்வராயன் இறங்கிப் போனார். மற்றவர்கள் ஒதுங்கி அவருக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். குருவி சேற்றில்தான் இருந்தது, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத பழுப்பாக. மேலே சாலையில் கார் ஒன்று வந்து நின்றது. கதவு திறந்தது. அண்ணன் வந்தாச்சு, காலை எடு சார், காலை எடு சார் என்று தினேஷ் கெஞ்சுவது கேட்டது.

கரை மேட்டிலிருந்து மணவாளனின் குரல் அடங்கி வந்தது.

"அது திரும்பற வரைக்கும் இருங்க. நான் இங்கதான் நிக்கறேன்."