சூரியகாந்தி விதையும் ‘தொந்தேயோ’வும்

உப்புப் போட்டு வறுத்த சூரியகாந்தி விதை நாக்கில் கரித்தால், எனக்கு ஜெர்மனியில் நான் வளர்ந்த டுசல்டோர்ஃபின் அந்த ட்ராம் தரிப்பிடம் நினைவுக்கு வந்துவிடும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், பள்ளி விட்டதும் என் ஸ்பானியத் தோழி கார்மென் அங்கே விதை கொறித்தபடி தன் மொழியின் உருப்படாத சொற்களையெல்லாம் எனக்குச் சொல்லித் தருவாள்: கண்ணடித்து ஆள் பிடிப்பது ‘லிகார்’, சில வாரம் சேர்ந்து திரிந்துவிட்டு மனத்தாங்கலில்லாமல் பிரிவது ‘ரோயோ’, ஒன்றுமே இல்லாமல் சும்மா சீண்டிச் சிரிப்பது ‘தொந்தேயோ’. எங்கள் வீட்டிலோ காதல் உண்டு, கலியாணம் உண்டு, நடுவில் ஒன்றுமில்லை.

பதினேழு வயதில் நான் சுதன் என்ற தமிழ்ப் பையனோடு ரைன் நதிக்கரையில், எங்கள் வீட்டுப் பேச்சில் சொன்னால், ‘ஐஸ்கிறீம் குடித்தேன்’. அவ்வளவுதான். கண்டவர் யாரோ அப்பாவின் காதில் போட, அப்பா திட்டவில்லை. அதைவிட மோசமாக, சந்தோஷப்பட்டார்.

“பெடியன் ஆர்ர மோன் எண்டு விசாரிச்சிட்டன். நல்ல இடம். குறிப்புக் கேட்டிருக்கிறன்” என்றார் அம்மாவிடம்.

எனக்கு உயிரே போய்விட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் ‘அவுஸ்பில்டுங்’ எனும் தொழிற்பயிற்சி கிடைத்து, கோடை முடிந்ததும் தொடங்கவிருந்தது. சாதகம் பொருந்திவிட்டால் அதெல்லாம் கனவு. என்னை மேலும் கீழும் பார்த்த அம்மா, அப்பாவிடம் திரும்பினார்.

“இஞ்சேருங்கோ, இது கலியாணப் பேச்சில்லை. வெறும் தொந்தேயோ. குறிப்பு வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

“அதென்ன, வருத்தமோ?” ஏதோ நோயென்று அப்பா உண்மையாகவே பயந்துவிட்டார்.

“ஓம், இந்த வயசில வாற வருத்தம். தன்ர பாட்டில மாறும்.”

நான் மலைத்துப்போனேன். கார்மெனின் அம்மாவும் என் அம்மாவும் ஒரே ஹோட்டலில் சலவைத்துணி மடித்தவர்கள். படுக்கை விரிப்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு எங்களைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். அப்பா முணுமுணுத்தபடி தொலைபேசியை எடுத்தார். நான் பயிற்சிக்குப் போனேன். சுதன் அந்தக் கோடை முடியுமுன்பே வேறொருத்தியோடு ஐஸ்கிறீம் குடிக்கப் போய்விட்டான்.

அந்தச் சலவை அறை இன்றில்லை. ட்ராம் தரிப்பிடத்தை இடம் மாற்றிவிட்டார்கள், கார்மென் ஸ்பெயினுக்கே திரும்பிவிட்டாள், அம்மாவும் காலமாகிவிட்டார். என் தொழிலும், அவசரமில்லாமல் நானே தேடிக்கொண்ட துணையும் அவருடைய அந்த ஒரு சொல்லால் கிடைத்தவை. நினைக்கும்போதெல்லாம் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

போன கிழமை என் மகள் கைபேசியைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரென்று நான் கேட்கப்போக, பக்கத்தில் இருந்த அப்பா என் கையைப் பிடித்தார்.

“விடு பிள்ளை. அம்மா சொன்ன வருத்தம்தான். தன்ர பாட்டில மாறும்.”