அழகுச் செடியின் பெயர்

முதலிபாளையத்தில் அம்மா செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், கேட்டிலிருந்து கேண்டீன் வரைக்கும் ஒரு செடி வேலியாக நின்றது. வருடம் முழுக்கப் பச்சை. பட்டாணி அளவில் கொத்துக் கொத்தாக மஞ்சள் பழம். முதலாளியிலிருந்து கூட்டுகிற அக்கா வரை எல்லோரும் அதை 'அழகுச் செடி' என்றார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு, கத்தரிக்க ஆள் உண்டு. பெயர் கேட்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

அன்றைக்கு ஒரு வெள்ளைக்காரி வரப்போகிறாள் என்று கம்பெனியே பரபரத்தது. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள். பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாளாம். ஒரு பிள்ளை கண்ணில் பட்டாலும் ஆர்டர் போய்விடுமாம். எங்களுக்கோ கோடை லீவு. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. எங்களைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அத்தை கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்களைக் கூட்டிவந்து, செடிக்கும் மதில் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் உட்கார வைத்தாள்.

"என்ன நடந்தாலும் சத்தம் காட்டக் கூடாது, கேட்டியா? அந்தம்மா கண்ணுல பட்டா கம்பெனியவே மூடிருவாவ. பொறவு நாம சோத்துக்கு எங்க போவ?"

அந்த வெள்ளைக்காரி பிள்ளை பிடிக்கிறவள்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அம்மா கொடுத்த முறுக்கு பத்து நிமிடத்தில் தீர்ந்தது. தம்பி சிணுங்க ஆரம்பித்தான். அவன் வாயை அடைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. தலைக்கு மேலே பழம் தொங்கியது. ஒன்று கொடுத்தேன், தின்றான். அப்புறம் பறித்துப் பறித்துக் கொடுத்தேன். சத்தம் அடங்கிவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான். மண்ணைத் தள்ளி மூடினேன். இரண்டாம் முறை குமட்டியபோது சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று பயந்து என் பாவாடையால் அவன் முகத்தை மறைத்தேன். மூன்றாம் முறைக்குப் பிறகு கண் சொருகி மடியில் சாய்ந்தான். உடம்பு கொதித்தது. இலை இடுக்கில் பார்த்தால் வெள்ளைக்காரியின் காலும், பின்னாலேயே முதலாளியின் செருப்பும் வந்துகொண்டிருந்தன. இப்போது கத்தினால் அம்மாவுக்கு வேலை போய்விடும். தம்பியின் காதில் மெதுவாகக் கூப்பிட்டேன். அவன் அசையவில்லை. கத்திவிட்டேன்.

வாட்ச்மேன்தான் முதலில் செடியை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அட சாமி, என்னத்தக் கண்ணு தின்னான்?"

பழத்தைக் காட்டினேன். "இது என்ன செடிங்க?" என்று அவர் முதலாளியைக் கேட்டார். முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் செடியைப் பார்த்தார்.

வெள்ளைக்காரி மண்ணில் மண்டியிட்டு, தம்பியின் நாடியைப் பிடித்துக்கொண்டே ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்தாள். ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். அவள் அம்மா வீட்டிலும் அதே செடி இருந்ததாம். கூட வந்த, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் அண்ணன் சட்டைப் பையிலிருந்த சைஸ் லேபிளின் பின்பக்கம் அந்தப் பெயரை எழுதி, அலறிக்கொண்டு ஓடிவந்த அம்மாவின் கையில் திணித்தார். கோல்டன் டியூட்ராப். வெள்ளைக்காரி தான் வந்த காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். டாக்டர் லேபிளைப் படித்தார், தம்பியை உள்ளே தூக்கிப் போனார்.

சாயங்காலம் தம்பி கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். அதற்கப்புறம்தான் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன தடவ வாந்தி எடுத்தான்?"

"மூணு தடவம்மா."

"ஏட்டி, மொதத் தடவையே என்ன ஏன் கூப்பிடல?"

"நீதானம்மா சத்தம் காட்டக் கூடாதுன்ன."

அடி நிச்சயம் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா கையை ஓங்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது, சத்தமே வரவில்லை. விழவேண்டிய அடியிலிருந்து இவ்வளவு சுலபமாகத் தப்பித்துவிட்டேனே என்று எனக்கு ஒரே நிம்மதி.