குருதி வள்ளலின் நிழல்

போன வாரம் திண்டிவனத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். கூலிங் கிளாஸ், கும்பிட்ட கை, கீழே ரத்தச் சிவப்பில் 'குருதி வள்ளல் ஏழுமலை'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வள்ளலாம், வள்ளல்!

அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே மூக்கில் டெட்டால் வாடை அடித்தது. இலவச மாத்திரை வந்த புதிதில் நான் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கவுன்சிலர். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை ஆரம்பிக்கும்போது உட்காரவைத்துப் பேசுகிற வேலை. எங்கள் ஜனங்களுக்குக் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான். திருவாமாத்தூர்ப் பெரியவர் ஒருவர் நான் மூச்சுவிடாமல் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, எங்க தெருவுல லைட்டு எரியலியே, எப்பப் போடுவீங்க?" என்றார். ஓட்டுக் கேட்காமல் கிடைத்த பதவி. உள்ளூர எனக்கும் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அஞ்சலைக்கு ஊர் மரக்காணத்துப் பக்கம் ஒரு குப்பம். புருஷன் அதே வியாதியில் போய்விட்டான். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவள், மாத்திரை ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் எங்கள் வாசல்படி ஏறவே மூச்சு வாங்கினாள். நாக்கெல்லாம் வெளுத்திருந்தது.

"மாத்திர ரத்தத்தக் குடிக்குதுன்றாங்க மேடம். உட்டுடட்டா?"

குப்பத்து வாய் எதைத்தான் சொல்லாது என்று நினைத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று மருந்தில் ஒன்று சிலருக்கு ஆரம்பத்தில் ரத்தத்தைக் குறைக்கத்தான் செய்யும், அதை மட்டும் மாற்றிவிடலாம் என்றார். ஆனால் மாத்திரையை அடியோடு விட்டாலும் பிழைக்க மாட்டாள், இப்போதே ரத்தம் ஏற்றாவிட்டாலும் பிழைக்க மாட்டாள்.

ரத்த வங்கியில் எடுக்கிற பாட்டிலுக்குப் பதிலாக யாராவது கொடுக்க வேண்டும், எந்த குரூப்பானாலும் சரி. "எங்க அண்ணன் இருக்குதே!" என்று அஞ்சலைக்கு முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன்தான் ஏழுமலை. ரசிகர் மன்றத் தலைவர். நடிகரின் பிறந்தநாள் தவறாமல் ரத்தம் கொடுத்து, கொடுக்கும்போதே போட்டோவும் எடுத்துக்கொள்பவர்.

வந்தார். கையில் பேரீச்சம்பழ டானிக். வார்டு வாசலைத் தாண்டவில்லை. என்னைக் கண்டதும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"கவுன்சிலரம்மா, குடுக்கறதுக்கு இன்னா, குடுத்துக்கினேதான் இருக்கேன். ஆனா என் ரத்தம் அவ ஒடம்புல ஓடிச்சின்னா, ஒரே ரத்தம் பாருங்க, அந்த வியாதி எனக்கு ரிட்டன் வந்துடும்ல?"

"ரத்தம் இன்னா டவுன் பஸ்ஸாங்க, ரிட்டன் வர்றதுக்கு? உங்க ரத்தம் அவங்களுக்கு ஏறப்போறதே இல்ல. அது வேற யாருக்கோ போவும்."

"இருக்கட்டும்மா, நமக்கெதுக்குப் பேஜாரு." டானிக்கை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வள்ளல் நடையைக் கட்டினார். உள்ளே அஞ்சலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கேட்டிருக்கிறாள். தூ! ஊருக்கெல்லாம் ஓடுகிற ரத்தம் கூடப் பிறந்தவளுக்கு மட்டும் உறைந்துவிடுமாம்.

நானே போய்ப் படுத்தேன். வீரமெல்லாம் இல்லை, ஆத்திரம். ஆத்திரத்தில் எனக்கு ஊசியைக் கண்டால் ஆகாது என்பதே மறந்துபோயிற்று. கொடுத்து முடித்து எழுந்தவள் நர்சம்மா மேலேயே மயங்கி விழுந்தேன். அஞ்சலை இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

ரத்தத்தைக் குறைத்த அந்த மருந்தை இப்போது எடுத்த எடுப்பில் யாருக்கும் கொடுப்பதில்லை என்கிறார்கள். எங்கள் அறையை இடித்துவிட்டார்கள். நானும் வேலையை விட்டாயிற்று, கவுன்சிலரம்மா என்று கூப்பிட ஆளில்லை. அந்த டானிக்கைக்கூடக் கடையில் காணோம். வள்ளல் மட்டும் வருஷத்துக்கு வருஷம் உயரமாகிக்கொண்டே போகிறார்.

பிளெக்ஸுக்கு அடியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அஞ்சலையேதான்.

"போயும் போயும் இவன் காலடியிலியா கடை போடுவ? வேற எடமே கெடைக்கலியா?" என்றேன்.

ஈயை விரட்டிக்கொண்டே அண்ணாந்து அண்ணனைப் பார்த்தாள்.

"வெயில் கொளுத்துது மேடம். ரத்தந்தான் குடுக்கல, நெழலாச்சும் குடுக்கட்டும்."