சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

காலை ஏழு மணிக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினோம். நானும் என் சம்சாரம் செல்வியும். நான் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்குகிறவன். ஊர் சுற்றப் போகவில்லை. திண்டிவனத்தில் செல்வியின் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது.

போன வருடம் எங்கள் கடைத்தெருவில் ஒரு பைக் செல்வியை இடித்துவிட்டது. கால் எலும்பு கூடிவிட்டது. பயம் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் கடைத்தெருவில் கால் வைக்கவே இல்லை. தம்பி வீடும் கடைத்தெருவுக்குள்தான். நாற்பது கிலோமீட்டரும் அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள்.

எட்டேகாலுக்கு இறங்கினோம். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்.

“உள்ள வந்தா வண்டி மாட்டிக்கும்மா. நடந்துடுங்க, முன்னூறு அடிதான்.”

தெரு பதினைந்து அடி அகலம் இருக்கும். கார், பைக், தள்ளுவண்டி எல்லாம் அதற்குள். ஆனால் கடையோரமாக மூன்றடி விட்டு, சுண்ணாம்பும் செம்மண்ணுமாக ஒரு கோடு. கோட்டுக்குள் சனம் நடந்தது. சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வளையல் கடைக்காரரிடம் கேட்டேன். “இன்னாங்க, சாமி ஊர்வலமா?”

“அட நீங்க வேற. சனம் நடக்கட்டும்னு நான்தான் போட்டேன். மொதல்ல போர்டு வெச்சேன், ஒருத்தன் மதிக்கல. கோடு போட்டதும் சாமி வர்ற வழின்னு நெனைச்சிக்கினு ஒதுங்கிட்டானுங்க. நானும் இல்லன்னு சொல்லல. தெனம் போட்டுக்கினு இருக்கேன்.”

செல்வி கோட்டுக்குள் நடந்தாள். என் கையைப் பிடித்திருந்தாள். நாலு கடை தாண்டியிருப்போம். எதிரே தண்ணீர் கேன் வண்டி வந்தது. பின்னால் வந்த கார் அதற்கு வழிவிட எங்கள் பக்கம் ஒடித்தது. செல்வி அப்படியே நின்றுவிட்டாள். அவள் நகம் என் கையில் இறங்கியது.

கார் கோட்டுக்கு அரையடி தள்ளி நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

“சாமி எப்பங்க வருது?”

வளையல் கடைக்காரர் அங்கிருந்தே கத்தினார். “வந்துக்கினே இருக்குதுபா! தோ, ஒன் கண்ணு முன்னாலதான் போவுது!”

டிரைவர் செல்வியைப் பார்த்தார். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார் பின்னால் போனது. எனக்கு மூச்சு வந்தது.

தம்பி வீட்டில் குழந்தை அவள் மடியிலேயே தூங்கியது. நாலு மணிக்குக் கிளம்பினோம். விழுப்புரத்தில் எங்கள் கடைத்தெரு இதைவிட அகலம்தான். அங்கே நடக்க மூன்றடி கிடையாது. அதை யோசித்தபடி பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். செல்வி அதற்குள் தனியாகப் பாதித் தெரு போயிருந்தாள்.

“ஜல்தி வாங்க, பஸ்ஸு போயிடும்.”

எனக்கு அவசரமில்லை. அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.