தசரதன் பெற்ற பிள்ளை

முடிச்சூரில் அஞ்சம்மாள் என்றால் சட்டென்று கை நீட்டிவிடுகிறவள் என்று பேச்சு. உண்மைதான். அவள் புருஷன் தசரதன் செய்ததை மட்டும் யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள்.

எண்பதாம் வருஷம் நிலத்தை மனை போட்டு விற்கக் கைநாட்டு வைக்க மறுத்தார் அவன் அப்பா கேசவன். பெற்ற அப்பனைக் களத்துமேட்டில் தள்ளி மிதித்தான் அந்தப் பாவி. கிழவர் ரத்தமாய்த் துப்பிச் செத்துப்போனார். மறு வருஷம் பிறந்த பையனுக்கு வழக்கப்படி தாத்தா பெயரையே வைத்தார்கள்.

இரண்டு வயதில் பையனுக்கு முடியெல்லாம் கொட்டியது. ஐந்து வயதில் தோல் சுருங்கி, மூக்கு கூராகி, நெற்றி நரம்பு புடைத்து, அசல் கிழவராகவே ஆகிவிட்டான். எங்கோ ஒரு குழந்தைக்கு வரும் சீக்கு, சீக்கிரமே மூப்பு வந்துவிடும், மருந்து கிடையாது என்றார் டாக்டர். தசரதன் காதில் அது ஏறவில்லை. செத்த அப்பன் பழிவாங்கத் திரும்பி வந்திருக்கிறான் என்றே நம்பினான். குடித்துவிட்டு வந்தால் பையன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதுவான். “இன்னாத்துக்குய்யா வந்தே? நெலம் போச்சு. போய்யா.”

“நான் உன் புள்ளப்பா” என்று கீச்சுக் குரலில் பையன் அழுவான்.

அஞ்சம்மாள் உலக்கையால் புருஷன் முழங்கையை உடைத்தாள். அவன் அவள் பல்லை உடைத்தான். ஒரு நாளாவது அவன் ‘என் மகனே’ என்று பையனைத் தூக்கிவிட்டால் போதும், அதற்கு மேல் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை.

பதினோரு வயதில் மாரடைப்பில் பையன் போனான்.

சிறுபிள்ளைகளைப் புதைப்பதுதான் எங்கள் பக்க வழக்கம். தசரதனோ தலையை மழித்து, ஈர வேட்டியோடு கொள்ளிச்சட்டி ஏந்தி வந்து நின்றான். அப்பனுக்கு மகன் நிற்கும் கோலம் அது. இந்தத் தடவையாவது முறையாக அனுப்பினால் கிழவர் திரும்பி வரமாட்டார் என்ற பயம் அவனுக்கு.

அஞ்சம்மாள் சட்டியைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். நெருப்பு தெறித்து அவன் காலைச் சுட்டது. பெண்கள் போகாத சுடுகாட்டுக்கு அவனைப் பிடரியில் அடித்தே ஓட்டிக்கொண்டு போய், மண்வெட்டியைக் கையில் திணித்தாள்.

“உங்கப்பன நீ அன்னைக்கே மிதிச்சுக் கொன்னுட்டே. இது உன் புள்ள. தோண்டு.”

ஊரே கேட்டது. அவன் தோண்டினான். குழிக்குள் நின்றபடி பையனை வாங்கினான்.

“அஞ்சம்மா, எம்புள்ள இவ்ளோ லேசா கீறானே” என்றான்.

பிள்ளையை மண்ணில் படுக்கவைக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு மண்வெட்டிக் காம்பால் அவனை அடிக்கத் தொடங்கினாள். யாரும் தடுக்கவில்லை. அவனும் கையைத் தூக்கவில்லை.