டாப் ஃபேன் உமாபதி

மலேசியாவில், ஜெராமுக்கு உள்ளே ஒரு செம்பனை ஆலையில் லோரிகளை எடைபோட்டுக் கணக்கெழுதும் கிராணி உமாபதி. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை; அம்மா இறந்து பதினோரு வருடம். தோட்டத்துத் தொழிலாளர்களின் லயத்தில், வரிசையில் கடைசி வீடு. முப்பத்தோரு வருட உழைப்புக்கு நிர்வாகம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம்கூடக் கொடுத்ததில்லை. ஃபேஸ்புக்கோ மூன்றே மாதத்தில் 'டாப் ஃபேன்' என்று பெயருக்குப் பக்கத்தில் பதக்கம் குத்திவிட்டது.

அவர் குகனுடைய ரசிகர். வானொலியில் நகைச்சுவை செய்துகொண்டிருந்த குகன், அரசியலுக்கு வந்த பிறகும் அதைக் கைவிடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ஃபேஸ்புக்கில் நேரலை. வணக்கம் போடுகிறவர்களின் பெயரைப் படிப்பார். "ஜெராம் உமாபதி அண்ணே வந்துட்டாரு! பசியாறிட்டீங்களாண்ணே?"

அப்படிக் கேட்க உமாபதிக்கு வேறு ஆளில்லை. "ஆச்சு தம்பி" என்று எழுதிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார்.

குகன் இரண்டு முறை கட்சி மாறினார். இரண்டு முறையும் அதிலிருந்த கொள்கையை உமாபதி ஆலையில் எல்லாருக்கும் விளக்கினார். குகனே அவ்வளவு சிரமப்படவில்லை.

போன மாதம் லயத்தைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. பதினெட்டுக் குடும்பங்களும் மாற்று வீடு கேட்டன. உமாபதி பதறவில்லை. "குகன் தம்பி பேசுவாரு, பாருங்க" என்றார்.

குகன் பேசினார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிரித்துக்கொண்டே: "சும்மா சும்மா வீடு குடு, வீடு குடுன்னா எப்படி லா? தோட்டத்து ஆளுங்க கைய நீட்டுறத முதல்ல நிறுத்தணும்."

உமாபதி அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்றாவது முறையும் குகன் அதையேதான் சொன்னார். பிறகு எழுதினார்: "தம்பி, தேர்தலப்ப எங்க லயத்துக்கு வந்து சாப்பிட்டப்ப வேற மாதிரி சொன்னீங்களே?"

குகன் அதைப் படிக்கவில்லை. மற்றவர்கள் படித்தார்கள், நான்கு வருடமாகத் தினமும் வணக்கம் சொன்னவர்கள்.

"எவ்வளவு குடுத்தாங்க அங்கிள்?"

"டாப் ஃபேன்னு போட்டுக்கிட்டு துரோகம்!"

அவர்களில் ஒருத்தி, ரவாங் தொழிற்சாலைப் பெண் நித்தியா, தனியாகச் செய்தி அனுப்பினாள். நேரில் பார்த்ததில்லை; ஆனால் அவர் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி குடிக்கச் சொல்லி எழுதியவள். "அங்கிள், அந்தக் கமெண்ட்ட அழிச்சிருங்க. அண்ணன் மன்னிச்சிருவாரு."

அழித்தால் நாளைக் காலை மறுபடியும் பெயர் வரும். விரல் அழிக்கும் பொத்தான் மேலேயே வெகுநேரம் நின்றது. பிறகு நித்தியாவுக்கு எழுதினார்: "அவரு மன்னிக்கிற அளவுக்கு நான் என்னம்மா செஞ்சேன்?"

நித்தியா படித்துவிட்டாள் என்று ஃபோன் காட்டியது. பத்து மணிவரை பார்த்துவிட்டு உமாபதி படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆறு மணிக்குக் குகனின் பக்கம் திறக்கவில்லை. ஊரில் எல்லாருடைய ஃபோனிலும் அது இருந்தது. இவரை மட்டும் தடுத்திருந்தார்கள். அடுப்பைப் பற்றவைக்காமலே ஆலைக்குக் கிளம்பினார்.

வாசலில் காவலாளி அப்பளசாமி. "என்னண்ணே, இவ்வளவு சீக்கிரம்?"

"வீட்டுல ஆளில்ல."

"பதினோரு வருசமா இல்லாத ஆளு, இன்னிக்கு மட்டும் எங்கண்ணே போனாங்க?" அப்பளசாமி விழுந்து விழுந்து சிரித்தார்.

உமாபதியும் கொஞ்சம் சிரித்துவைத்தார். எடை அறையைத் திறந்து உட்கார்ந்தார். முதல் லோரி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.