மணலில் மூன்று வரிசை

கவுன்சிலருக்கு நிற்கப்போகிறேன் என்று என் பெண்சாதி சொன்ன அன்றைக்கு எங்கள் சமையல்கட்டுக்கு ஒரு பக்கம் சுவர் இல்லை. முந்தின மழைக்காலத்தில் கடல் வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. தார்ப்பாய் கட்டி வைத்திருந்தோம். காற்றடித்தால் தார்ப்பாய் படபடக்கும், அடுப்பு அணையும், அவள் கடலைப் பார்த்துத் திட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுவதுபோல, பேர் வைத்து, உறவு வைத்துத் திட்டுவாள்.

"கரையில கல்லு கொட்டினாத்தான் இந்த வூடு நிக்கும். எவனாச்சும் ஆபீசுல போய் கத்தினாத்தான் கொட்டுவான். அந்தக் கத்தற வேலைய நானே பாக்கறேன், இன்னா இப்போ?" என்றாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த உள்ளாட்சித் தேர்தல் அது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். திருவொற்றியூர் கடலோரத்தில் இருந்த எங்கள் குப்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே எத்தனை கட்சி இருந்தாலும் குப்பத்திலிருந்து ஒரே ஆள்தான் நிற்க வேண்டும். இரண்டு பேர் நின்றால் ஓட்டு பிரிந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஜெயித்துவிடுவார். ஒருமுறை அப்படி ஆகி, அந்த ஐந்து வருஷமும் எங்கள் பக்கம் ஒரு லாரிக் கல்கூட வரவில்லை.

அதனால் தேர்தலுக்கு முன்னால் ஊருக்குள் ஒரு தேர்தல். பெட்டி கிடையாது. நிற்க ஆசைப்படுகிறவர்கள் மணலில் போய் உட்கார வேண்டும். அவரவர்க்கு வேண்டியவர்கள் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். ஊர்த் தலைவர் நடந்துகொண்டே தலையை எண்ணுவார். எந்த வரிசை குட்டையோ அது கலையும். கலைந்தவர்கள் மட்டும் மிச்சமிருக்கிற வரிசைகளில் ஒன்றுக்குப் போகலாம். ஏற்கெனவே நிற்கிறவர்கள் இடம் மாறக் கூடாது. கடைசியில் நீளமாக இருக்கிற வரிசையின் தலையில் உட்கார்ந்திருப்பவர்தான் ஊரின் வேட்பாளர்.

அந்த வருஷம் உட்கார வந்தவர்கள் மூன்று பேர். என் பெண்சாதி ஒருத்தி. இரண்டாவது ஐஸ்கார அக்கா. படகுகளுக்கு ஐஸ் கொடுக்கிற கம்பெனி அவளுடையது, அவள் குரல் படகுத்துறை முழுக்கக் கேட்கும். மூன்றாவது பால்வாடி ஆயா. புருஷன் கடலோடு போனவள், யாரிடமும் இரைந்து பேசாதவள். அவளாக ஆசைப்படவில்லை, மச்சினன்கள் உட்காரவைத்தார்கள்.

ஐஸ் அக்கா ஜெயித்தால் கல் முதலில் ஐஸ் கம்பெனி சந்துக்குப் போகும். அதை அவள் மறைக்கவும் இல்லை. அடுத்த மழைவரை எங்கள் வீடு தாங்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நான் அந்தக் குப்பத்துக்காரன் இல்லை. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வளர்ந்து, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, மீன் வாங்கப்போன இடத்தில் இவளைப் பார்த்து, இங்கேயே தங்கிவிட்டவன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஓட்டம். தொழிற்சாலைகளுக்குள் நடக்கிற போட்டிகளில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுவேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவர் எனக்கு வேலையிலும் தோஸ்து, ஓட்டத்திலும் தோஸ்து. நாங்கள் இருவரும் கண்டெய்னர் லாரிகள் நிற்கிற ரோட்டோரமாக ஓடி ஓடி, தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டதுதான். அப்படிக் கற்றதில் பெரியது இது: முன்னால் ஓடுகிறவனுக்குத்தான் காற்று முழுக்க அடிக்கும். அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, மூச்சைச் சேர்த்து வைத்து, கடைசி வளைவு தாண்டியதும் பாய வேண்டும்.

இதையே பெண்சாதிக்கும் சொன்னேன். ஐஸ் அக்கா முதல் நாளிலிருந்தே முன்னால் ஓடுகிறாள், ஓடட்டும். முதல் எண்ணிக்கையிலேயே எல்லாரையும் முடித்துவிடப் பார்க்கிறாள், அது நடக்காது. ஆயாவின் வரிசைதான் குட்டையாக இருக்கும். அது கலையும்போது அவளுடைய ஆட்கள் யாரிடம் வருவார்கள்? யார் ஆயாவைப் பற்றி நல்லபடியாகப் பேசினார்களோ அவர்களிடம். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

"அவ மூணு தெரு முடிச்சிட்டா. நான் இங்க குந்திகினு மீனு கழுவிகினு கீறேன்" என்றாள்.

"மூச்ச புடிச்சி வைமே. கடைசியில பாரு."

"கடைசியில நான் எங்க கீறேன்னே எவனுக்கும் தெரியாம பூடப்போவுது."

தோஸ்து டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "மாமு, ரேஸ் குதிரைய புடிக்கற மாதிரி பொண்டாட்டிய புடிச்சி வெக்கற. உட்டா எட்டி ஒதைக்கும் பாத்துக்க" என்றார். அவளே சிரித்துவிட்டாள்.

ஆனாலும் நான் சொன்னபடி செய்தாள். ஆயா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாள். தெருக்குழாயடியில் ஆயாவைப் பற்றி யார் பேசினாலும், "பாவம், அதும் வாயில ஒரு கெட்ட வார்த்த வராது, அத்த அசிங்கப்பட உடக்கூடாது" என்பாள். ஐஸ் அக்கா ஒருநாள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டாளாம்: "இன்னாடி, உம் புருஷன் ஷூ வாங்கித் தந்துட்டானா? என்னிக்கு ஓடப்போற?" அன்று வீட்டுக்கு வந்தவள் நேரே அடுப்படிக்குப் போனாள். குடத்தை வைத்த சத்தத்திலேயே எல்லாம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வலைகளைச் சுருட்டி ஓரம் போட்டுவிட்டு மணலைக் காலி செய்திருந்தார்கள். பெண்களும் வரிசையில் நிற்கலாம் என்று தலைவர் சொல்லியிருந்தார். வெளியாட்கள் நிற்கக் கூடாது, பேசவும் கூடாது. என்னைப்போலப் பெண் கட்டிய இடத்திலேயே தங்கிவிட்ட மாப்பிள்ளைகள் எல்லாம் படகு இஞ்சின் கொட்டகைத் திண்டில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் தோஸ்து, வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பந்தயத்துக்கு முன்னால் எனக்கு வாய் உலர்ந்துபோகும். அன்றும் உலர்ந்துபோயிருந்தது, ஓடப்போவது நான் இல்லை என்றாலும்.

தலைவர் துண்டை உதறினார். ஜனங்கள் நகர்ந்தார்கள். ஐஸ் அக்காவின் பின்னால் மளமளவென்று வரிசை நீண்டது. அது எதிர்பார்த்ததுதான். என் பெண்சாதியின் பின்னால் அவள் அண்ணன், மதினி, எங்கள் தெருக்காரர்கள் வந்து நின்றார்கள். அவளுடைய சித்தப்பா குடும்பம் பெரிய குடும்பம். மருமகள், மகன், கொழுந்தன் என்று கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் எங்கள் வரிசையைத் தாண்டி நேரே ஆயாவின் பின்னால் போய் நின்றார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தி அங்கிருந்து என்னைப் பார்த்து உற்சாகமாகக் கை ஆட்டினாள்.

"அடுத்த ரவுண்டுக்கு வந்துடறோம் மாப்ளே! பாவம் ஆயா, ஆளே இல்லாம குந்திகினு கீது!"

எழுந்து கத்தப்போனேன். தோஸ்து என் தொடையை அழுத்திப் பிடித்தார். "வாயத் தொறந்தா தலைவரு உம் பொண்டாட்டி வரிசையவே கலைச்சிருவாரு மாமு. குந்து."

சித்தப்பா வீட்டார் மட்டும் இல்லை. குழாயடியில் அவள் பேசியதைக் கேட்டவர்கள், அவளுக்காகவே நிற்க வந்தவர்கள், மூன்று நான்கு வீட்டார் அதே தாட்சண்யத்தில் அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். ஆயாவின் வரிசை கலையத்தான் போகிறது, அதற்குள் அவள் மனசு நோகாமல் இருக்கட்டும், பிறகு இங்கே வந்துவிடலாம். ஒவ்வொருவரும் தாங்கள் மட்டும்தான் அப்படிப் போகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பக் கூடாது என்பதும் வழக்கம். பின்னால் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எதிரே இருந்த என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடலைப் பார்த்தேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

தலைவர் எண்ணினார். ஆயாவின் வரிசையையும் எங்கள் வரிசையையும் இரண்டாம் தடவையும் எண்ணினார். ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற வித்தியாசம்.

"குட்டை இதாம்மா" என்று என் பெண்சாதியைக் காட்டினார். "எழுந்துக்க."

தகுதிச் சுற்று ஓட்டங்களில் இதை நான் பார்த்திருக்கிறேன். இறுதிக்குப் போவது நிச்சயம் என்று நினைத்து ஒருவன் காலைத் தளர்த்துவான். பக்கத்துத் தடத்தில் வருகிறவன் நெஞ்சை நீட்டி உள்ளே போய்விடுவான். தளர்த்தியவன் கோட்டைத் தாண்டியும் புரியாமல் நின்றுகொண்டிருப்பான். இறுதி ஓட்டத்துக்கு என்று சேர்த்து வைத்த மூச்சு அவனுக்குள் அப்படியே இருக்கும்.

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இனி அவள் அங்கேயேதான் நிற்க வேண்டும்.

என் பெண்சாதி எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். நிதானமாகத் தட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அவள் எந்தப் பக்கம் போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போகிற பக்கம்தான் இவர்களும். இவர்கள் போகிற பக்கம்தான் ஜெயம். ஆயா லேசாகச் சிரித்துக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட உறவு, வேறு எங்கே போவாள் என்று நானும் நினைத்தேன்.

அவள் ஐஸ் அக்காவின் எதிரே போய் நின்றாள். பின்னால் போகவில்லை, எதிரே.

"எங்க தெரு முனையில மொதல்ல கல்லு கொட்டணும். அப்பால உன் சந்து. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு, வரேன்."

"இன்னாடி, பேரம் பேசறியா?"

"ஆமா."

"நான் எங்க சந்துக்கு வாக்கு குடுத்துட்டேன்டி."

"அப்ப சரி" என்று இவள் ஆயாவின் பக்கம் ஓரடி வைத்தாள்.

ஐஸ் அக்காவுக்குத் திரும்பிப் பார்க்க முடியாது. தன் வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியாமல் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைவர், "வெயிலு மண்டைய பொளக்குது, சீக்கிரம்மா" என்றார். இவள் அடுத்த அடியை எடுத்தாள்.

"நில்லுடி" என்றாள் ஐஸ் அக்கா. பிறகு படகுத்துறைக் குரலை எடுத்தாள். "மொதல் லாரி இவுங்க முனைக்கு! எல்லாரும் கேட்டுக்கங்க! எங்க சந்துக்காரங்க யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்!"

வரிசையிலிருந்து முணுமுணுப்பு வந்தது. ஆனால் நின்றவர்கள் மாறக் கூடாதே. என் பெண்சாதி சுற்றிக்கொண்டு போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் அண்ணன் போனார், மதினி போனாள், தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அதற்குமேல் தலைவர் எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் கலையும்போது ஐஸ் அக்கா இவள் மணிக்கட்டைப் பிடித்து, "நாளைக்கு எங்கூட வர்ற. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கத்தறதுக்கு இன்னொரு தொண்ட வேணும்" என்றாள். இவள் தலையாட்டிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டாள்.

நான் திண்டிலிருந்து இறங்கி அவளிடம் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆயாவைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆயா மச்சினன்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

"வூட்டுக்குப் போய்யா. நான் ஆயா வூட்டுக்குப் போய்ட்டு வரேன்."

"இப்பவா? தொரத்தி உட்டுடுவாங்கமே."

"தொரத்தட்டும். வாசல்லயே குந்துவேன். அவுங்க வூட்டு ஓட்டும் சேந்தாத்தான் ரோட்டுக்காரங்கள ஜெயிக்க முடியும். அதுக்குன்னு மட்டும் போறேன்னும் நெனைக்காத."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சூடான மணலில் அவள் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.